"அவரு கவுன்சிலிங் போறாரு, மாறிடுவாரா?" – வீட்ல அடி வாங்கின பொண்ணுங்க கிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்விகள்

நான் கடலூர் திருப்பாப்புலியூர்ல ஜாக்கெட் தைக்கிறவ. 11 வருஷம் குடும்பம் நடத்திட்டு, அதுல 9 வருஷம் அடி வாங்கிட்டு, ரெண்டு புள்ளைங்களோட வெளில வந்தவ. மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை எங்க மாடில பத்து பதினஞ்சு பொம்பளைங்க கூடுவோம், பாதிப் பேரு மஞ்சக்குப்பம் ஓல்டு டவுன்னு இந்தப் பக்கம், மீதிப் பேரு முள்ளோடை எல்லை தாண்டி பாண்டி சைடுல இருந்து பஸ் புடிச்சு வர்றவங்க. இதுக்கு பேரு போர்டு எதுவும் கிடையாது, டீயும் முறுக்கும்தான். புதுசா யார் வந்தாலும் கேக்கற முதல் கேள்வி ஒன்னேதான், அதான் தலைப்புல போட்டிருக்கேன். திரும்பத் திரும்ப சொல்லி வாய் வலிக்குது, அதனால எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். சட்ட விஷயத்தை எல்லாம் எங்க கூட்டத்துக்கு வர்ற வக்கீல் அக்கா கிட்ட காட்டிட்டுத்தான் போட்டிருக்கேன்.

அடிக்கிறவங்களுக்கு மறுவாழ்வுத் திட்டம்னா என்ன? குடி மறுவாழ்வு மையம் மாதிரியா?

இல்லம்மா. நம்ம ஊர்ல மறுவாழ்வுன்னாலே குடிதான் ஞாபகத்துக்கு வருது, இது வேற. பொண்டாட்டிய அடிக்கிறது, மிரட்டறது, காசு குடுக்காம முடக்கறது, இதெல்லாம் செய்யற ஆம்பளைங்கள ஒரு குரூப்பா உக்கார வச்சு வாராவாரம் மாசக்கணக்கா நடத்தற கிளாஸ். "எனக்கு கோவம் வந்துச்சு அதான் அடிச்சேன்"னு சொல்றவன் கிட்ட "சரி, உங்க மேனேஜர் மேல கோவம் வந்தப்ப ஏன் அடிக்கல?"ன்னு கேக்கற இடம்னு வச்சுக்கங்க. கோவத்த அடக்கற டிரெய்னிங்கும் இதுவும் ஒன்னில்ல.

இதுல பேர் போனது அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல டூலூத்னு ஒரு ஊர், 1980கள் ஆரம்பத்துல அங்க தொடங்கினாங்க. எனக்கு அதுல புடிச்ச விஷயம் என்னன்னா, 1984ல அவங்க ஒரு சக்கரம் மாதிரி படம் போட்டாங்க, நடுவுல அதிகாரம் கட்டுப்பாடுன்னு எழுதி, சுத்தி மிரட்டல், தனிமைப்படுத்தறது, புள்ளைங்கள வச்சு ஆட்டறது, காசுன்னு ஒவ்வொன்னா. அத டாக்டருங்க ரூம்ல உக்காந்து எழுதல, அடி வாங்கின பொம்பளைங்க கிட்ட கேட்டுக் கேட்டு அவங்க சொன்னத வச்சு வரைஞ்சது. ஒரு தடவை அத பிரிண்ட் எடுத்து மாடில ஒட்டினோம். நெல்லித்தோப்புல இருந்து வர்ற ஒரு அக்கா ரொம்ப நேரம் பாத்துட்டு, "எங்க வூட்டுக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாதே, எப்படி ஒன்னு விடாம செஞ்சாரு"ன்னாங்க. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது, அப்புறம் யாரும் கொஞ்ச நேரம் பேசல.

நம்ம ஊர்ல அப்படி ஒன்னு இருக்கா?

கோர்ட்டு அனுப்பி மாசக்கணக்கா நடத்தற கிளாஸ்னு நம்ம சட்டத்துல கிடையாது. கலிஃபோர்னியாவுல இந்த மாதிரி கேஸ்ல ஒருத்தர நன்னடத்தைல (புரொபேஷன்) வெளில விட்டா குறைஞ்சது 52 வாரம், வாரம் 2 மணி நேரம் போயே ஆகணும்னு சட்டமே இருக்கு. நம்ம கிட்ட இருக்கறது 2005 குடும்ப வன்முறை பாதுகாப்புச் சட்டம், 2006 அக்டோபர் 26ல இருந்து நடைமுறைல இருக்கு, கடலூருக்கும் அதேதான் பாண்டிக்கும் அதேதான். அதுல 14வது பிரிவுல மாஜிஸ்திரேட் நெனச்சா அவரையோ உங்களையோ தனித்தனியாவோ சேர்த்தோ கவுன்சிலிங் அனுப்பலாம், அடுத்த வாய்தா 2 மாசத்துக்குள்ள வைக்கணும். அவ்ளோதான். ஆம்பளைங்களே ஒன்னு சேர்ந்து வன்முறைக்கு எதிரா வேலை செய்யற மாவான்னு ஒரு அமைப்பு மும்பைல 1993ல இருந்து இருக்கு. நல்ல விஷயம்தான், ஆனா பண்ருட்டில இருக்கற ஒருத்திக்கு மும்பை எந்த மூலைக்கு?

அதனால நம்ம பக்கம் "கவுன்சிலிங் போனார்"னு சொன்னா முக்காவாசி மகளிர் ஸ்டேஷன்ல ரெண்டு மூனு தடவை கூப்ட்டு பேசினதத்தான் சொல்றாங்க.

ஸ்டேஷன்ல எழுதி வாங்கினாங்களே, அது போதாதா?

என் கதையே சொல்றேன். எந்த ஸ்டேஷன்னு வேணாம். "இனிமே என் மனைவியை அடிக்க மாட்டேன், குடிக்க மாட்டேன், ஒழுங்காக குடும்பம் நடத்துவேன்"னு வெள்ளப் பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டார். எங்கிட்டயும் ஒன்னு எழுதி வாங்கினாங்க, "நானும் அனுசரித்து நடந்துகொள்கிறேன்"னு. எதை அனுசரிக்கிறதுன்னு அன்னைக்கும் புரியல இன்னைக்கும் புரியல. வரும்போது ஒரே பைக்ல வந்தோம், நான்தான் பின்னாடி உக்காந்து வந்தேன். வீட்டுக்குள்ள வந்து கதவை தாப்பா போட்டுட்டு "எழுதிக் குடுத்தாச்சுல்ல, இப்ப சந்தோஷமா?"ன்னார். அடிக்கல. அன்னைக்கு அடிக்கல.

அந்தப் பேப்பர் ஸ்டேஷன் ஃபைல்ல எங்கயோ இருக்கு. அவர் மாறினாரான்னு அப்புறம் ஒருத்தரும் ஃபோன் போட்டுக் கேக்கல. எங்க கூட்டத்துல இதே கதை, ஊர் பேரை மட்டும் மாத்திட்டு, ஆறேழு பேர் சொல்லியிருக்காங்க.

ரெண்டு பேரையும் ஒன்னா உக்கார வச்சு பேசினா தீராதா?

பக்கத்துல அவர் உக்காந்திருக்கும்போது நீங்க உண்மைய சொல்லுவீங்களா, அத யோசிங்க. சொன்னா வீட்டுக்குப் போய் வாங்கணும், சொல்லலன்னா கவுன்சிலர் "பெரிய பிரச்சனை ஒன்னும் இல்லையே"ன்னு முடிச்சிடுவாங்க. அரியாங்குப்பத்து தங்கச்சி ஒருத்தி சொன்னா, அவ பேச ஆரம்பிச்சா அவன் மேசைக்கு அடில செருப்பக் கழட்டி மாட்டி கழட்டி மாட்டி சத்தம் பண்ணுவானாம், எதிர்ல இருந்த மேடத்துக்கு அது சாதாரண சத்தம், இவளுக்கு மட்டும்தான் அதோட அர்த்தம் தெரியும், அப்படியே நிறுத்திடுவாளாம்.

இன்னொன்னு, இது நெறைய பேருக்குத் தெரியாது. அந்தச் சட்டத்தோட 2006 விதிகள்ல 14வது விதி இருக்கு, கவுன்சிலிங்ல அவர் "இவ இப்படிப் பேசினா அதான் அடிச்சேன்"னு நியாயம் சொல்ல விடக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு. இனிமே நடக்காதுன்னு உத்தரவாதம் வாங்கறதுதான் அதோட வேலை. ஆனா நடக்கறது என்ன? பாதி நேரம் சாம்பார்ல உப்பு, மீதி நேரம் நாம ஏன் எதிர்த்துப் பேசினோம்னு. அப்படிப் போச்சுன்னா "மேடம், விதிப்படி இத பேசக்கூடாது"ன்னு சொல்லுங்க. சொல்ல தைரியம் வரலன்னா உங்க வக்கீல விட்டு சொல்ல வைங்க, தனியா வச்சுப் பேசணும்னும் கேக்கலாம், அது ஒன்னும் தப்பில்ல.

குடிய விட்டுட்டா எல்லாம் சரியாயிடும்ல?

இந்த ஊர்ல இந்தக் கேள்வி வராம இருக்குமா. கடலூர்ல இருந்து முள்ளோடை எவ்ளோ தூரம், பைக்ல ஒரு மிதி, அந்தப் பக்கம் போனா சரக்கு விலை கம்மி. சாயந்தரம் பாலம் தாண்டிப் போற வண்டிங்கள பாத்தா தெரியும். குடிச்சா அடி ஜாஸ்தி ஆகுது, அடி பலமா விழுது, அத நான் இல்லைன்னு சொல்லல. ஆனா எங்க கூட்டத்துல நாலு பேரோட வீட்டுக்காரருங்க குடிக்கவே மாட்டாங்க, அதுல ஒருத்தர் மாலை போட்டு வருஷா வருஷம் மலைக்குப் போறவர், அந்த 48 நாளும் கை ஓங்க மாட்டார், வாயாலயே தோலை உரிப்பார். குடிக்கறவரும் ரோட்டுல போலீஸ்காரரை அடிக்கறதில்ல, முதலாளிய அடிக்கறதில்ல, தள்ளாடிக்கிட்டே சரியா நம்ம வீட்டக் கண்டுபிடிச்சு வந்து நம்மளத்தானே அடிக்கறார்.

அதனால ரெண்டுக்கும் தனித்தனி வைத்தியம். குடிக்கு ஜிப்மர்ல மனநலப் பிரிவு இருக்கு, போறதுக்கு முன்னாடி பேசணும்னா அரசாங்கத்தோட டெலி மானஸ் 14416, எந்த நேரமும் போடலாம், தமிழ்லயே பேசுவாங்க. அது அவரோட குடிக்கு. அவரோட கைக்கு அது மருந்தில்ல.

நடுவுல ஒன்னு கெஞ்சிக் கேக்கறேன். "குடியை மறக்க வைக்கும்"னு சொல்லி விக்கற பொடி, மாத்திரை எதையும் தெரியாம சாப்பாட்டுல கலக்காதீங்க. டைசல்ஃபிராம்னு ஒரு மாத்திரை இருக்கு, அது உள்ள இருக்கும்போது சரக்கு போட்டா மூஞ்சி செவந்து, வாந்தி, படபடப்பு, பிரஷர் ஒரேயடியா இறங்கி உசுருக்கே ஆபத்தாயிடும். டாக்டர் சொல்லி, அவருக்கே தெரிஞ்சு, அவரே போடணும். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா கொலைக் கேஸ் உங்க மேல.

சரி, வெளிநாட்டுல நடக்கற கிளாஸ் எல்லாம் வேலை செஞ்சுதா?

ரெண்டு விதமாவும் சொல்றாங்க. நியூயார்க் புரூக்ளின்ல 8 வாரம் போனவங்களையும் 26 வாரம் போனவங்களையும் வச்சுப் பாத்தாங்க, நீளமா போனவங்க மேல திரும்பப் புகார் வர்றது குறைஞ்சுது, ஆனா பொம்பளைங்கள பத்தின அவங்க நெனப்பு மாறலன்னு 2003ல ரிப்போர்ட் வந்துச்சு. அதோட வந்த ஃபுளோரிடா ஆராய்ச்சில பெருசா ஒரு வித்தியாசமும் தெரியல, வேலை வீடுன்னு இழக்கறதுக்கு ஏதாவது இருக்கற ஆளுதான் கொஞ்சம் அடங்கறான்னு தெரிஞ்சுது. அதுக்கு ஆராய்ச்சி வேணுமா, எங்க ஆயாவே சொல்லியிருக்கும்.

எனக்கு முக்கியமாப் படறது இங்கிலாந்துல 2015ல வந்த மிராபல் ஆராய்ச்சி. ஏன்னா அவங்க முதல்ல பொம்பளைங்க கிட்ட "உங்களைப் பொறுத்தவரை எது நடந்தா இது வெற்றி?"ன்னு கேட்டாங்க. போலீஸ் கேஸ் வரலங்கறது மட்டுமே வெற்றின்னு அவங்க சொல்லல. மரியாதையா பேசணும், நான் நினைச்ச இடத்துக்குப் போய்ட்டு வரணும், புள்ளைங்க பயப்படாம இருக்கணும், அவர் செஞ்சது என்னன்னு அவருக்கே உறைக்கணும், இப்படித்தான் சொன்னாங்க. ரிசல்ட்டு என்னன்னா, அறையறது தள்ளறது தூக்கி வீசறது இதெல்லாம் கிளாஸுக்கு முன்னாடி 100க்கு 87 பேர் சொன்னது, கிளாஸ் ஆரம்பிச்சு ஒரு வருஷம் கழிச்சு 7 ஆச்சு. பெரிய விஷயம்தான். ஆனா கட்டுப்படுத்தற குணம், நோட்டம் விடறது, முடிவெல்லாம் அவரே எடுக்கறது, அது அந்த அளவு குறையல. கை நின்னுச்சு, கண்ணு நிக்கல. இத மாடில படிச்சுக் காட்டினப்ப ஒருத்தரும் ஆச்சரியப்படல.

உங்க கூட்டத்துல எல்லாரும் இந்தத் திட்டம் வேணும்னுதான் சொல்றாங்களா?

எங்க! ஒரு நாள் சண்டையே வந்துச்சு. "அவனுக்கு கிளாஸ், டீச்சர், ஃபேன் போட்ட ரூமு, எனக்கு என்ன? என் பல்லு கட்டறதுக்கு யார் காசு தருவா? அந்தக் காச எங்க கிட்ட குடுங்க"ன்னு ஓல்டு டவுன் அக்கா கத்துச்சு. அதுல நியாயம் இல்லாம இல்ல. இன்னொருத்தி, சின்னப் பொண்ணு, கல்யாணமாகி 3 வருஷம், "எனக்கு அவரை ஜெயில்ல போட வேணாம்க்கா, அவரு வேணும், அடிதான் வேணாம்"னா. அவள யாரும் திட்டாதீங்கன்னு நான்தான் அடக்கினேன், ஏன்னா அது நம்ம எல்லாரும் ஒரு காலத்துல சொன்னதுதான். வில்லியனூர்ல இருந்து வர்ற டீச்சரம்மா சொன்னது எனக்கு இன்னும் மனசுல நிக்குது: "நான் வெளில வந்துட்டேன், எனக்கு அவன் மாறினா என்ன மாறாட்டி என்ன, ஆனா அவன் சும்மா இருக்க மாட்டான், இன்னொருத்திய கட்டுவான். அவளுக்காகவாவது எவனாவது அவனை உக்கார வச்சுக் கேக்கணும்." சர்வே எடுத்தவங்க கணக்குப்படி தமிழ்நாட்டுல கல்யாணமான பொண்ணுங்கள்ல 100க்கு 38 பேர் புருஷன் கிட்ட அடியோ கொடுமையோ பாத்திருக்காங்க, 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பு. இத்தனை பேரையும் ஜெயில்ல போட முடியாது, சும்மாவும் விடக்கூடாது. நான் அங்கதான் நிக்கறேன்.

மாறிட்டாருன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

அழறத வச்சு முடிவு பண்ணாதீங்க. கால்ல விழறது, மல்லிப்பூ, புடவை, பீச்சுக்குக் கூட்டிட்டுப் போய் பஜ்ஜி, இதெல்லாம் அடிச்ச மறுநாள் எப்பவும் நடக்கறதுதான்.

நாங்க பாக்கறது வேற. நீங்க "வேணாம்"னு ஒரு வார்த்தை சொன்னா அதுக்கப்புறம் வீடு எப்படி இருக்கு? ஃபோன் அடிச்சா "யாரு?"ன்னு கேக்காம இருக்காரா? அம்மா வீட்டுக்குப் போனா எத்தனை மணிக்கு வருவன்னு கணக்கு கேக்கறாரா? முக்கியமா புள்ளைங்களப் பாருங்க. எங்க வீட்ல தெருமுனைல அவர் பைக் சத்தம் கேட்டாலே என் பொண்ணு டிவிய அணைச்சிட்டு புக்கை எடுத்து வச்சுப்பா, பையன் செருப்பெல்லாம் வரிசையா அடுக்குவான். யாரும் சொல்லித் தரல. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து 4 மாசம் கை வைக்கல அவர், ஊரே மாறிட்டார்னு சொல்லுச்சு, ஆனா அந்த 4 மாசமும் செருப்பு வரிசையாத்தான் இருந்துச்சு.

கவுன்சிலிங் போய் வந்தவங்க சில பேர் புது வார்த்தைய கத்துட்டு வருவாங்க, உஷார். "நீதான் என்னை டிரிகர் பண்ற", "கவுன்சிலரே சொன்னாங்க உனக்குத்தான் கவுன்சிலிங் தேவைன்னு." முன்னாடி கெட்ட வார்த்தைல சொன்னத இப்ப நல்ல வார்த்தைல சொல்றார், அவ்ளோதான்.

மாறினவரே இல்லையான்னா, ஒருத்தரச் சொல்லலாம். நெய்வேலி பக்கம். அவர் பண்ண முதல் வேலை, பொண்டாட்டியோட ஏடிஎம் கார்ட திருப்பிக் குடுத்தது. ரெண்டாவது, மாமனார் வீட்டுக்குப் போய் "உங்க பொண்ண அடிச்சேன், அவ தப்பு எதுவும் பண்ணல"ன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னது. மன்னிச்சிடுன்னு அவகிட்ட கேக்கவே இல்லையாம், கேட்டா அவ மன்னிச்சே ஆகணும்ல, அதான். அவங்க இப்பவும் தனித்தனியாத்தான் இருக்காங்க, 2 வருஷமா. அவர் அவசரப்படுத்தல. அதுதான் எனக்கு நம்பிக்கை தருது.

"கவுன்சிலிங் போறேன்ல, கேஸை வாபஸ் வாங்கு"ங்கறார். வாங்கலாமா?

முடிவு உங்களுது. ஆனா கேஸ் இருக்கறதாலதான் அவர் கவுன்சிலிங் போறார், இத மறந்துடாதீங்க. பாதுகாப்பு உத்தரவு கைல இருக்கும்போது அத மீறினா 1 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 20,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும், 31வது பிரிவு. நிஜமா மாறினவருக்கு அந்த உத்தரவு இருந்தா என்ன இல்லாட்டி என்ன?

மாமியார் "அடிக்கிற கைதான் அணைக்கும்"னு சொல்றாங்க, பெரியவங்க பேச்ச எப்படித் தட்டறது?

அணைக்கறதுக்கு மட்டும் ஒரு கை போதும்னு சொல்லுங்க. பாவம், அந்தம்மாவும் வாங்கினவங்களாத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்க.

கல்யாணம் பண்ணிக் குடுத்தது பாண்டில, இப்ப கடலூர்ல அம்மா வீட்ல இருக்கேன். எங்க மனு போடறது?

கடலூர்லயே போடலாம். நீங்க தற்காலிகமா தங்கியிருக்கற இடத்துல கூட போடலாம்னு 27வது பிரிவு சொல்லுது, அங்க வாங்கற உத்தரவு இந்தியா முழுக்க செல்லும், பாலத்துக்கு அந்தப் பக்கமும் செல்லும். "அது எங்க லிமிட் இல்ல"ன்னு யாராவது அனுப்பினா இதச் சொல்லுங்க. மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க, அவங்களே ரிப்போர்ட் எழுதி கோர்ட்டுக்கு அனுப்புவாங்க. வக்கீல் ஃபீஸ் பத்தி பயப்படாதீங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போடுங்க. பெண்கள் உதவிக்கு 181, அவசரம்னா 112.

அவர் கவுன்சிலிங் போற நாள்ல நான் அதே வீட்ல இருக்கலாமா?

முடிஞ்சா வேணாம். அங்க அவரை வெளுத்து வாங்கினாங்கன்னா அந்தக் கோவம் அன்னைக்கு ராத்திரி எங்க வரும்? நம்ம கிட்டதான். நீங்கதான் வெளில போகணும்னும் இல்ல, அவரை வீட்டை விட்டு வெளில இருக்கச் சொல்லி 19வது பிரிவுல உத்தரவு வாங்கலாம், வீடு அவர் பேர்ல இருந்தாலும் கேக்கலாம். ஒரு கட்டைப்பை தயாரா இருக்கட்டும், ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், புள்ளைங்க டிசி மார்க் ஷீட் ஜெராக்ஸ், கொஞ்சம் சில்லறை. நான் என் பைய பக்கத்து வீட்டு அக்காவோட அரிசி டிரம்முக்குப் பின்னாடி வச்சிருந்தேன், 7 மாசம் அங்கயே இருந்துச்சு.

நாளைக்கே நம்ம ஊர்ல இப்படித் திட்டம் போட்டா என்ன கேப்பீங்க?

எங்கள தனியா கூப்ட்டு கேளுங்க, மாசாமாசம், அவர் முன்னாடி இல்லாம, நாங்க சொன்னது அவர் காதுக்குப் போகாம. அவர் வர்றத நிறுத்திட்டா அன்னைக்கே எங்களுக்கு ஃபோன் பண்ணுங்க, ஏன்னா அன்னைக்குத்தான் ஆபத்து. ஸ்காட்லாந்துல கேலடோனியன்னு ஒரு திட்டத்துல ரெண்டு வருஷம் ஆம்பளைய பாக்கறவங்க ஒரு பக்கம், பொண்டாட்டிக்கும் புள்ளைங்களுக்கும் தனி ஆளுங்க இன்னொரு பக்கம்னு சேர்த்தே நடத்தறாங்க, அது மாதிரி. சர்டிபிகேட் குடுத்தா "இத்தனை கிளாஸ் வந்தார்"னு மட்டும் எழுதுங்க, "திருந்திவிட்டார்"னு எழுதாதீங்க, அது உங்களுக்குத் தெரியாது. ஃபீஸ் வாங்கினா அது புள்ளைங்க ஜீவனாம்சத்துல கை வைக்காம இருக்கணும். கடைசியா, சேர்த்து வைக்கறத வெற்றிக் கணக்குல எழுதாதீங்க.

உங்க வீட்டுக்காரர் கடைசில மாறினாரா?

போன தை மாசம் பாகூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா ஃபோன் பண்ணாங்க. நம்பர் எப்படிக் கிடைச்சுதோ. அவங்க பொண்ணுக்கு ரெண்டாங்கல்யாணம், வரன் இவர்தான். "கவுன்சிலிங் எல்லாம் போய் இப்ப நல்லா இருக்காராமே, பேப்பர் கூட காட்டினாரு, நீங்க என்னம்மா சொல்றீங்க?"ன்னு கேட்டாங்க. மிஷின நிறுத்திட்டு யோசிச்சேன். திட்டவும் இல்ல, நல்லவர்னும் சொல்லல. நடந்தத தேதியோட சொன்னேன், எழுதிக் குடுத்த தேதி, அதுக்கு 4 மாசம் கழிச்சு என் கை உடைஞ்ச தேதி, ஆஸ்பத்திரி சீட்டு இன்னும் இருக்கு வேணும்னா வந்து பாருங்கன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "சரிம்மா, வச்சிடறேன்"னாங்க. வந்து பாக்கல. என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது. அந்த நம்பர இன்னும் அழிக்கல, "பாகூர் அம்மா"ன்னு போட்டு வச்சிருக்கேன்.